கவாய்ப் பயணக் குழுவுக்கு: பந்தியைப் பிரிக்க வேண்டாம்

அன்புள்ள தமிழ்ச் சங்கப் பயண ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். ஹவாயின் கவாய்த் தீவுக்குப் போகும் பயணம் பற்றிய உங்கள் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. விமானம், தங்குமிடம், வேன் என்று எல்லாவற்றுக்கும் அலைந்து நல்ல விலைக்கு முடித்திருக்கிறீர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கடைசிப் பக்கத்தில் இருக்கும் லூவாவ், அதாவது ஆட்டம் பாட்டத்தோடு நடக்கும் ஹவாய் விருந்து, அந்த ஏற்பாட்டைப் பற்றித்தான் இந்த மடல். உங்களில் ஒருவருக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் காசு கட்டப்போவது எல்லாரும் என்பதால், எல்லாரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

சுற்றறிக்கைப்படி, வெள்ளிக்கிழமை காலை கவாய் ஆதீனத்தின் 'இறைவன்' சிவன் கோயில் தரிசனம். அன்று சாயங்காலமே போய்ப்பூ கடற்கரையில் ஒரு ரிசார்ட் லூவாவ். அசைவம் சாப்பிடுகிறவர்கள் மட்டும் அதற்குப் பேர் கொடுக்கலாம். சைவக்காரர்களுக்கும் பெரியவர்களுக்கும் தங்குமிடத்திலேயே புலாவும் தயிர்சாதமும் வந்துவிடும். உடை, புல் பாவாடையோ ஹவாய்ச் சட்டையோ.

செலவைக் குறைக்கவும் தர்மசங்கடத்தைத் தவிர்க்கவும் போட்ட திட்டம் என்பது புரிகிறது. ஆனாலும் வயதான அம்மா அப்பாவை, மாமியார் மாமனாரை சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஐந்தரை மணி நேரம் விமானத்தில் கூட்டிக்கொண்டு போய், தீவின் பெரிய விருந்து நடக்கிற சாயங்காலத்தில் அறையில் உட்காரவைத்துப் பொட்டலம் பிரிக்கச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் அவர்களுக்காகத்தானே இந்தப் பயணத்தையே போடுகிறோம்?

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. லூவாவ் என்ற விருந்து பிறந்ததே பந்தியைப் பிரித்த வழக்கம் ஒழிந்தபோதுதான். பழைய ஹவாயில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து சாப்பிடக் கூடாது. பன்றி இறைச்சி, தேங்காய், பெரும்பாலான வாழைப்பழ வகைகள், சில மீன்கள் எல்லாம் பெண்களுக்கு விலக்கு. மீறினால் உயிரே போகும் அளவுக்குக் கடுமையான விதி அது. 1819 மே மாதம் மன்னர் கமேஹமேஹா இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் அவர் மகன் லிஹோலிஹோ, விதவை அரசியர் காஅஹுமானு, கேஓபுவோலானி இருவரின் தூண்டுதலில், ஊர் பார்க்கப் பெண்களின் பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டோடு பழைய தீட்டுச் சட்டமே சரிந்தது. அப்புறம்தான் எல்லாரும் ஒன்றாக உட்காரும் பெருவிருந்துகள் வந்தன. 1847இல் மூன்றாம் கமேஹமேஹா கொடுத்த விருந்துக்கு 271 பன்றிகள் சமைத்ததாகக் கணக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப் பந்தி போட்டதற்கு எவ்வளவு பெரிய சண்டை நடந்தது என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். சைவம் அசைவம் பிரிப்பதை அதோடு சேர்த்துப் பேச நான் வரவில்லை. ஆனால் பந்தி ஒன்றானதைக் கொண்டாடுகிற விருந்துக்கு இரண்டு பந்தி போட்டுக்கொண்டு போகிறோம் என்பதையாவது கவனியுங்கள்.

எந்த லூவாவுக்குப் போவது என்று முடிவெடுக்கும்போது குழு பார்த்தது இரண்டு விஷயங்கள் என்று தெரிகிறது. ஒன்று தள்ளுபடி, இன்னொன்று படம். எல்லா விளம்பரத்திலும் ஒரே படம்தான் இருக்கும். ஆரஞ்சு வானம், தென்னை, தீப்பந்தம் சுழற்றும் ஒருவர். அதை வைத்து ஒன்றையும் தேர்ந்தெடுக்க முடியாது. கவாயில் நமக்கு நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, தெற்கே போய்ப்பூ பக்கத்து ரிசார்ட்டுகள் நடத்துவது. கடல் தெரியும், அந்திச் சூரியன் தெரியும், தீவின் அந்தப் பக்கம் மழையும் குறைவு. குடும்பமாக ஒருமுறை இப்படி ஒரு ரிசார்ட் லூவாவுக்குப் போயிருக்கிறோம். எது என்று சொல்லப்போவதில்லை. "சைவம் உண்டு" என்று பதிவு செய்யும்போது சொன்னார்கள். மேசைக்கு வந்தது கீரை சாலட், ஒரு பன், வெட்டிய அன்னாசி. என் மாமியார் மூன்றாவது பன்னைக் கேட்டபோது பரிமாறியவருக்கே சங்கடமாகிவிட்டது. காற்று பலமாக அடித்ததில் பாட்டுச் சத்தம் ஒரு பக்கம் போனது, நாங்கள் ஒரு பக்கம் இருந்தோம். எல்லா ரிசார்ட்டும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. கேட்காமல் பணம் கட்டாதீர்கள் என்கிறேன்.

இரண்டாவது, லிஹூவே பக்கம் கிலோஹானா தோட்டத்தில் நடக்கும் லூவாவ் கலமாகு. சர்க்கரை முதலாளி கேலார்ட் வில்காக்ஸ் 1935இல் கட்டிய மாளிகை இருக்கும் இடம். வட்டமான அரங்கு, நடுவில் மேடை. டஹீட்டியிலிருந்து ஓடத்தில் கவாய்க்கு வந்து குடியேறியவர்களின் கதையை நாடகமாகவே நடத்துகிறார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். கொஞ்சம் சினிமாத்தனம் உண்டு. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

மூன்றாவது, கிழக்கே வைலுவா ஆற்றங்கரையில் ஸ்மித் குடும்பத்தார் நடத்துவது. என் ஓட்டு இதற்குத்தான். வைலுவா என்பது கவாய்த் தலைவர்களின் பழைய தலைமையிடம். ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து மேலே மலைவரை பழைய வழிபாட்டு மேடைகள் வரிசையாகக் கிடக்கின்றன. நம் இறைவன் கோயிலும் அதே ஆற்றின் மேட்டில்தான் இருக்கிறது. ஸ்மித் தோட்டம் சுமார் 30 ஏக்கர். மயில் சுற்றும், கவாயில் எங்கும் சுற்றும் கோழியும் சுற்றும். நடக்க முடியாத பெரியவர்களைத் தோட்டம் சுற்றிக் காட்ட டிராம் வண்டி இருக்கிறது. சாப்பாடு கூரை போட்ட திறந்த மண்டபத்தில் என்பதால், கிழக்குப் பக்கத்துக்கே உரிய திடீர்த் தூறலுக்குப் பயப்பட வேண்டாம். ஆட்டம் தனியாக, குளத்துக்கு எதிரே இருக்கும் அரங்கில். கடல் தெரியாது. கடலை மற்ற நாளெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கப்போகிறோம்!

இங்கே நிகழ்ச்சிக்கு மட்டும் தனி டிக்கெட் தரும் வழக்கமும் உண்டு. சாப்பாட்டு வாசனையே வேண்டாம் என்று நினைக்கும் பெரியவர்கள் யாராவது இருந்தால், தங்குமிடத்தில் சாப்பிட்டுவிட்டு ஆட்டத்துக்கு வந்து சேர்ந்துகொள்ளலாம். இந்த வழி இன்றும் இருக்கிறதா என்று போன் செய்து கேளுங்கள். அப்படி வந்தாலும் கடைசியில் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்போம்.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். "பன்றி விருந்தில் சைவக்காரர்களுக்கு என்ன இருக்கிறது" என்பதுதானே உங்கள் கேள்வி. தெரிந்து கேட்டால் நிறையவே இருக்கிறது. ஹவாயர்களின் மூலச் சாப்பாடு சேப்பங்கிழங்கு. நாம் வறுவல் போடும் அதே இனம்தான், அதே அரிப்புதான், அவித்தால்தான் அடங்கும். அதை அவித்து இடித்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் 'போய்' (poi) என்ற களி. சாம்பல் கலந்த ஊதா நிறத்தில், வழுவழுவென்று, விரலால் வழித்துச் சாப்பிடும் பதத்தில் இருக்கும். ஒரு விரலால் எடுக்க முடிந்தால் கெட்டி, மூன்று விரல் தேவைப்பட்டால் தளர்த்தி என்று பதத்துக்கே விரல் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் இரண்டு நாள் வைத்தால் புளிக்கும், புளித்ததை விரும்பிச் சாப்பிடுவார்கள். வெறும் வாயில் சப்பென்றுதான் இருக்கும், உப்புக் கறியோடு தொட்டுக்கொள்ள வைத்த பண்டம் அது. சைவக்காரர்களுக்கு என் யோசனை, கைப்பையில் ஒரு சின்ன டப்பா எலுமிச்சை ஊறுகாய். சிரிக்காதீர்கள், பழைய சோற்றுக்குப் பழகிய நாக்குக்கு இந்தப் 'போய்' உடனே பிடித்துவிடும்.

ஒன்றே ஒன்று. மேசையில் உட்கார்ந்துகொண்டு போயைப் "பசை மாதிரி இருக்கு" என்று யாரும் சத்தமாகச் சொல்ல வேண்டாம். பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஹவாயர்களின் மரபில் சேம்பு மனிதனுக்கு மூத்த அண்ணன். ஆதி மூதாதையரான வாக்கேயாவுக்கும் ஹோஓஹோகூகலானிக்கும் உயிரில்லாமல் பிறந்த முதல் குழந்தையைப் புதைத்த இடத்தில் முளைத்த செடி அது, இரண்டாவது பிள்ளையின் வழியில் வந்தவர்கள்தான் மனிதர்கள் என்பது கதை. போய்க் கிண்ணம் திறந்திருக்கும்போது அந்த இடத்தில் சண்டை போடக் கூடாது என்பது பழைய வீட்டு வழக்கம். ஹவாய் மாநிலத்தில் விளையும் சேம்பில் பெரும்பங்கு கவாயில், அதுவும் முக்கியமாக ஹனலே பள்ளத்தாக்கில் விளைகிறது. நாம் மூன்றாம் நாள் வடக்கே போகும்போது மேலே சாலையிலிருந்து பார்த்தால் தஞ்சாவூர்ப் பக்கத்து வயல் மாதிரியே தண்ணீர் நிற்கும் பாத்திகள் தெரியும்.

மற்றதில் ஹவ்பியா, அதாவது தேங்காய்ப்பால், சர்க்கரை, சோளமாவு கலந்து காய்ச்சி ஆறவைத்து வில்லை போட்ட இனிப்பு, எல்லாரும் சாப்பிடலாம். சர்க்கரைவள்ளி, சோறு, பழம் இருக்கும். ஏமாற்றும் ஆசாமிகள் சிலர் உண்டு. சிக்கன் லாங் ரைஸ் பார்க்கச் சேமியா மாதிரி இருக்கும், கோழிச் சாற்றில் வெந்தது. சேப்பந்தழையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த குழம்பு கீரைக் கடைசல் மாதிரி இருக்கும், உள்ளே கணவாயோ கோழியோ கிடக்கும். மக்ரோனி சாலட்டில் முட்டை சேர்ந்த மயனைஸ். லோமி சால்மன் தக்காளி வெங்காயப் பச்சடி மாதிரி சிவப்பாக இருந்தாலும் உப்பு மீன். பஃபே வரிசையில் ஒரே கரண்டி எல்லாத் தட்டிலும் போய் வரும் என்பதால், சைவத்துக்குத் தனித் தட்டு முன்பே எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும். இத்தனை பேர் கும்பலாகப் பதிவு செய்யும்போது இதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. தள்ளுபடி கேட்ட அதே மூச்சில் இதையும் கேட்டிருக்கலாம்.

பன்றியைத் திறக்கும் சடங்கைப் பற்றியும் சிலர் கவலைப்பட்டதாகக் கேள்வி. இமு என்பது மண்ணில் தோண்டிய அடுப்பு. கியாவே விறகில் எரிமலைக் கற்களைக் காயவைத்து, மேலே வாழைத்தண்டு, டீ (ti, தேயிலை இல்லை) என்ற செடியின் இலை பரப்பி, பன்றியை வைத்து, ஈரச் சாக்குப் போட்டு மூடி, மண் தள்ளிவிடுவார்கள். காலையில் போட்டது சாயங்காலம்வரை உள்ளேயே வேகும். (கியாவே வேறு எதுவும் இல்லை, நம் ஊர்க் கண்மாயெல்லாம் பிடித்துக்கிடக்கும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். ஹொனலூலுவில் 1828இல் ஒரு பாதிரியார் நட்ட மரத்திலிருந்து தீவெல்லாம் பரவியது. அங்கேயும் திட்டுகிறார்கள், அங்கேயும் அதில்தான் எரிக்கிறார்கள்.) எல்லாரையும் குழியைச் சுற்றி நிற்கச் சொல்லிச் சங்கு ஊதுவார்கள். இரண்டு பேர் மண்வெட்டியால் மண்ணை ஒதுக்கி, சாக்கைச் சுருட்டி, கருகிய இலைகளைக் கையால் விலக்குவார்கள். ஆவி குப்பென்று ஆளுயரத்துக்கு எழும். பச்சை இலை வெந்த மணமும் புகையும் கலந்து வரும். அப்புறம் கம்பிவலையோடு சேர்த்து அப்படியே தூக்குவார்கள். பார்க்க விருப்பமில்லாதவர்கள் அந்தக் கால் மணி நேரம் மயில் பார்த்துக்கொண்டு தோட்டத்தில் இருக்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நாள் விஷயத்தில்தான் உங்களோடு எனக்குப் பெரிய சண்டை. கவாய் ஆதீனம் 1970இல் தொடங்கியது. அதை நிறுவிய சிவாய சுப்பிரமுனியசுவாமி யாழ்ப்பாணத்து யோகசுவாமிகளிடம் தீட்சை பெற்ற அமெரிக்கர். கோயிலை வடிவமைத்தவர், குமரி வள்ளுவர் சிலை தந்த கணபதி ஸ்தபதி. பெங்களூர்ப் பக்கம் கையால் செதுக்கிய வெள்ளைக் கருங்கல்லைக் கப்பலில் கொண்டுவந்து அடுக்கிய கோயில், 2023இல் குடமுழுக்குக் கண்டது. அங்கே காலையில் நின்று திருநீறு பூசிக்கொண்டு, அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம் பன்றி விருந்து! நம் அசைவக் குடும்பங்களிலேயே பாதி வெள்ளிக்கிழமை கறி எடுப்பதில்லை என்பது குழுவில் ஒருவருக்குமா ஞாபகம் வரவில்லை? நான் அவ்வளவு பக்திமான் இல்லை. ஆனால் அன்று யார் யார் தட்டில் வெறும் அன்னாசியோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று இப்போதே பேர் சொல்லிவிடுவேன்.

வைலுவா லூவாவ் எல்லா நாளும் நடப்பதில்லை. பொதுவாகத் திங்கள், புதன், வெள்ளி, கோடையில் கூடுதலாகச் சில நாள். புதன்கிழமை லூவாவ் வையுங்கள். கோயில் வெள்ளிக்கிழமையே இருக்கட்டும், அங்கே தரிசனம் காலையில் மட்டும்தான். நடுவில் ஒரு நாள் இடைவெளி வந்துவிடும், யார் மனமும் கோணாது.

ஆட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுற்றறிக்கையில் "ஹூலா நெருப்பு நடனம்" என்று போட்டிருக்கிறீர்கள். அப்படி ஒன்று கிடையாது. நெருப்புக் கத்தி சமோவாவினுடையது. கத்தி சுழற்றுவது அவர்களின் பழைய போர் ஆட்டம், அதில் தீ சேர்ந்தது 1946இல், நம் சான் ஃபிரான்சிஸ்கோவில். ஃப்ரெடி லெட்டூலி என்ற சமோவாக்காரர் அங்கே நிகழ்ச்சிக்கு வந்தபோது, நெருப்பு விழுங்கும் இந்துக் கலைஞர் ஒருவரிடம் எரிபொருள் வாங்கித் தன் கத்தி நுனியில் பற்றவைத்தார் என்று சொல்வார்கள். இடுப்பை வேகமாக ஆட்டுவது டஹீட்டி. நாக்கை நீட்டி மிரட்டுவது நியூசிலாந்து மாவோரிகளின் ஹாக்கா. ஹவாயின் சொந்த ஆட்டமான ஹூலா இவை எல்லாவற்றையும்விட அமைதியானது. கை பேசும், முகம் பேசும், கால் தாளம் பிடிக்கும். அபிநயம் பார்த்துப் பழகிய நம் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். 1830இல் அரசி காஅஹுமானு பொது இடங்களில் ஹூலாவுக்குத் தடை போட்டார். 1883இல் தன் முடிசூட்டு விழாவில் கலாகவுவா மன்னர் அதை மறுபடி ஊரறிய மேடையேற்றினார். சதிர் பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு இது புதிய கதை இல்லை.

ஸ்மித் தோட்டத்து நிகழ்ச்சியில் ஹவாய், டஹீட்டி, சமோவாவோடு சீனா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் ஆட்டங்களும் வரும். "இது என்ன அவியல்" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் நேர்மையாகப் படுகிறது. 1835இல் கவாயின் கோலோவாவில் கரும்புத் தோட்டம் தொடங்கியது. அதன்பின் கூலி வேலைக்குக் கப்பலில் வந்து இறங்கியவர்களின் பேரன் பேத்திகள்தான் இன்றைய தீவுக்காரர்களில் பெரும்பகுதி. நம் ஆட்கள் மலாயாவுக்கும் ஃபிஜிக்கும் போன அதே காலம், அதே மாதிரி வேலை.

இனி உடை. புல் பாவாடை, கொட்டாங்குச்சி மேல்சட்டை யோசனையைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வெளியூர்க்காரர்கள் பிளாஸ்டிக் நகையும் ஒட்டு ஜடையும் போட்டுக்கொண்டு நம் அரங்கேற்றத்துக்கு வந்து உட்கார்ந்தால் நமக்கு எப்படி இருக்கும்? பூப்போட்ட சட்டை போதும். பருத்திப் புடவையும் போதும். சாயங்காலம் குளத்தங்கரையில் கொசு கடிக்கும், முழுக்கை நல்லது. மேடைக்கு முன்னால் நம் பிள்ளைகளின் "ஹூலா போட்டி" என்று ஒரு வரி பார்த்தேன். அதையும் விட்டுவிடலாம், அவர்களே விருந்தினர்களை எழுப்பி இரண்டு அசைவு சொல்லிக்கொடுப்பார்கள்.

மதுவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மை டாய் ஹவாயின் பாரம்பரியப் பானம் என்று மட்டும் யாரும் கதை விடாதீர்கள். அது 1944இல் ஓக்லாந்தில் ஒரு மதுக்கடையில் கலந்தது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. குடிக்க விரும்புகிறவர்கள் ஐந்தரை மணி நேரம் பறக்கத் தேவையில்லை.

லூவாவ் டிக்கெட் எங்கே போனாலும் ஆளுக்கு ஏறக்குறைய 150 டாலரும் அதற்கு மேலும்தான். முன்வரிசைக்குக் கூடுதல் கட்டணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பணத்தில் பெரியவர்களுக்குத் தனி வேன் ஒன்று பேசுங்கள், ஆட்டம் முடிய இரவு ஒன்பதைத் தாண்டும். அவர்கள் மேசை கழிப்பறைக்குப் பக்கத்தில், படி ஏறாத இடத்தில் இருக்க வேண்டும். போன் செய்யும்போது மறக்காமல் கேளுங்கள்: சைவத் தட்டில் என்னென்ன, எந்தெந்தப் பண்டம் முட்டை இல்லாதது, முந்திரி மக்கடேமியா ஒவ்வாத பிள்ளைகளுக்கு எது ஆகாது, மழை கொட்டினால் பணம் திரும்புமா. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதை எடுத்துப் பேசுங்கள். போய்ப்பூதான் என்று பெரும்பான்மை முடிவானால் நானும் வருகிறேன், ஆனால் சைவக்காரர்களுக்கும் அங்கே இடம் போட்டால்தான். போன் செய்ய ஆள் இல்லை என்றால் எனக்குத் தகவல் கொடுங்கள், வைலுவாவுக்கு நானே பேசிவிடுகிறேன்.

அன்புடன்,
சங்க உறுப்பினர் ஒருவர்